வேதாரண்யத்துக்கு நேர் தெற்கே

“அண்டார்டிகா எந்தப் பக்கம் இருக்குது? கையை நீட்டிக் காட்டுங்க பார்ப்போம்.”

ஏழாம் வகுப்பில் அன்று முப்பத்தோரு பேர். பாதிப் பேர் ஸ்மார்ட் போர்டைக் காட்டினார்கள். ஏழெட்டுப் பேர் மோட்டுவளையை. இரண்டு பேர் விஆர் கண்ணாடி வைத்திருந்த மேசையைக் காட்டினார்கள். அவர்களைத் தப்பு சொல்ல முடியாது. போன வாரம் அவர்கள் அண்டார்டிகாவைப் பார்த்தது அந்தக் கண்ணாடிக்குள்தான். ஒரே ஒருத்தன் மட்டும் சத்துணவுக் கூடத்துப் பக்கம் கையை நீட்டினான். அது தெற்கு. “எப்படிடா கண்டுபிடிச்ச?” என்றேன்.

“பசிக்குது டீச்சர்” என்றான்.

வேதாரண்யம் வட்டாரத்தில் கடலோரத்து அரசுப் பள்ளி ஒன்றில் அறிவியல் எடுக்கிறேன். பிறந்து வளர்ந்ததெல்லாம் உள்ளே, திருத்துறைப்பூண்டிப் பக்கம், நெல் வயலுக்கு நடுவில். முப்பது கிலோமீட்டர் தள்ளி வந்ததுக்கே இங்கே எனக்குப் பாதி விஷயம் புதிது. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் உப்பளத்து வேலை, மீதிப் பேர் வீட்டில் கடல் தொழில். வயல் உள்ளவர்கள் கொஞ்சம்தான்.

அந்த விஆர் கண்ணாடி எங்களுக்கு ஒரு நாள் வாடகைக்கு வந்த அதிசயம். ஒரு தனியார் அமைப்பு கொண்டுவந்தது. பிள்ளைகள் வரிசையில் நின்று, ஆளுக்கு மூன்று நிமிடம் கண்ணில் மாட்டிக்கொண்டார்கள். வெள்ளை வெளி, பென்குயின் கூட்டம், ஆரஞ்சுச் சட்டை போட்ட மனிதர்கள். ஒருத்தி கையை நீட்டிக் காற்றைத் தடவினாள். ஒருத்தன் தலைசுற்றி வாந்தி எடுத்தான். எல்லோரும் “சூப்பர் டீச்சர்” என்றார்கள். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது. போகும்போது ஒரு வண்ண போஸ்டரைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்கள். அதில் ஒரே பனிக்கட்டிமேல் பனிக்கரடியும் பென்குயினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தன. ஒன்று வடதுருவத்துப் பிராணி, மற்றது தெற்கத்தி. இரண்டும் சந்தித்துக்கொள்ள வேண்டுமென்றால் ஏதாவது மிருகக்காட்சிசாலையில்தான் முடியும்.

அடுத்த வாரம் நான் கேட்ட கேள்விக்கு வந்த பதில்தான் மேலே சொன்னது. மூன்று நிமிடம் வாய் பிளந்து பார்த்தார்கள். ஒரு கேள்விகூட அவர்களுக்குள் எழவில்லை. அது அவர்களுக்கு ஒரு நல்ல சினிமா, அவ்வளவே.

“நம்ம பசங்களுக்கு மேட்டூர்ல எப்ப தண்ணி தொறப்பான்னு தெரிஞ்சா போதும், அண்டார்டிகா எதுக்கு?” என்று ஆசிரியர் அறையில் ஒருவர் சொன்னார். அவர் கேலியாகச் சொன்னாலும் அது நியாயமான கேள்வி. பதில் சொல்ல எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

முதலில் ஒரு நூல்கண்டு எடுத்தேன். பள்ளியில் ஒரு பழைய பூமி உருண்டை, அச்சு கழன்று ஆடிக்கொண்டிருந்தது. வேதாரண்யம் இருக்கும் இடத்தில் ஒரு குண்டூசி நுனி அளவு மையால் குத்தி, அங்கிருந்து நேர் தெற்காக நூலைப் பிடிக்கச் சொன்னேன். பாக் நீரிணையைத் தாண்டியதும் இலங்கை. மேற்குக் கரையை ஒட்டியே இறங்கி, நூல் கொழும்பைத் தொட்டது. வேதாரண்யமும் கொழும்பும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன, 79.8 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே. எனக்கே அன்றுதான் அது உறைத்தது. கொழும்புக்குக் கீழே என்ன? ஒன்றுமில்லை. ஒரு தீவு இல்லை, ஒரு திட்டு இல்லை. நூல் நீலத்திலேயே ஓடி ஓடி, கடைசியில் வெள்ளையில் போய் முட்டியது.

“அப்பன்னா, நம்ம ஊருக்கும் அதுக்கும் நடுவுல கொழும்பு மட்டும்தானா டீச்சர்?”

ஆமாம் என்றேன். கரை தொடும் இடத்திலிருந்து மேற்கே ஒதுங்கினால், இங்கிருந்து திருச்சி போகிற தூரத்தில் இந்தியாவின் பாரதி ஆராய்ச்சி நிலையம். நம் கரையிலிருந்து மொத்தம் சுமார் 8,900 கிலோமீட்டர். பாரதி இருப்பது கொச்சிக்கு நேர் கீழே என்பதால், நமக்கு உச்சி வெயில் அடித்துக் கால் மணி நேரத்துக்குள் அங்கேயும் உச்சி. கடல் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது போதும். தூரத்தைவிடத் திசைதான் அவர்களுக்குக் கணக்கு. அதன் பிறகு எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் கை சரியாக சத்துணவுக் கூடத்தைக் காட்டும்.

அடுத்த ஜனவரியில், பொங்கல் லீவு முடிந்து, பன்னிரண்டு நாள் பயணம் என்று அறிவித்தேன். தினம் ஒரு பாடவேளை. கண்ணாடி கிடையாது. ஸ்மார்ட் போர்டில் நெட் வந்தால் செயற்கைக்கோள் படம், வராவிட்டால் நான் முந்தின இரவே போனில் இறக்கி வைத்த படம். பெரும்பாலும் இரண்டாவதுதான். ஒருத்தி கேப்டன், ஒருத்தன் வானிலை, ஒருத்தன் சமையல், இருவர் பதிவேடு. நாற்பது பக்க நோட்டு ஒன்றுக்கு பிரவுன் அட்டை போட்டு, “பயணப் பதிவேடு” என்று எழுதி, அதற்குப் பொட்டும் வைத்துவிட்டார்கள்.

முதல் நாள் 1981க்குப் போனோம். அந்த வருஷம் டிசம்பர் 6ஆம் தேதி கோவாவிலிருந்து, வாடகைக்கு எடுத்த ஒரு நார்வே கப்பலில் இந்தியாவின் முதல் குழு கிளம்பியது. தலைவர் எஸ். இசட். காசிம். 1982 ஜனவரி 9 அன்று பனியில் காலை வைத்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் கடலில் இருந்திருக்கிறார்கள் என்று சொன்னதும், அப்பா விசைப்படகில் போகும் ஒரு பிள்ளை கேட்டாள்: “அவ்ளோ நாளுக்கு ஐஸ் எங்க டீச்சர் புடிச்சாங்க?” வகுப்பு சிரித்தது. ஆனால் கடலுக்குப் போகிற வீட்டில் முதல் கேள்வியே அதுதான். டீசலும் ஐஸும் இல்லாமல் படகு நகராது.

வானிலைப் பையன் தினமும் காலையில் பள்ளி வெப்பமானியையும், என் போனில் அண்டார்டிகாவில் இருக்கும் இந்தியாவின் இன்னொரு நிலையமான மைத்ரியின் வெப்பநிலையையும் பார்த்து எழுத வேண்டும். முதல் நாள் எழுதினான்: இங்கே 29, அங்கே மைனஸ் 2. எழுதிவிட்டு முகம் தொங்கிப்போனது.

“வெறும் மைனஸ் ரெண்டா? எங்க தெரு டீக்கடை ஃப்ரீசர் மைனஸ் பதினெட்டுன்னு எழுதியிருக்கு டீச்சர்.”

உண்மைதான். மைத்ரி இருக்கும் ஷிர்மாக்கர் ஒயாசிஸ் என்பது பனி மூடாத பாறைத் தரை. ஜனவரி அங்கே நடுக் கோடை; வெப்பநிலை பூஜ்யத்தைச் சுற்றியே ஊசலாடும். ஐஸ்கிரீம் பெட்டியைவிட வெதுவெதுப்பு! பிறகு கண்டத்தின் உள்பகுதியில், ரஷ்யர்களின் வஸ்தோக் நிலையத்தில் 1983 ஜூலை 21 அன்று மைனஸ் 89.2 பதிவானதைச் சொன்னேன். அதுதான் தரையில் அளந்ததிலேயே மிகக் குறைந்த அளவு. அதைச் சுவரில் ஒரு எண்கோடு வரைந்து குறிக்கச் சொன்னபோது கோடு கரும்பலகையைத் தாண்டி, கதவைத் தாண்டி, வராண்டாவுக்குப் போய்விட்டது. ஆறாம் வகுப்பிலிருந்து முழுக்கள் பாடத்தில் மைனஸ் 4 பெரியதா மைனஸ் 10 பெரியதா என்று தடுமாறிக்கொண்டிருந்த கூட்டம், வராண்டாவில் நின்றபோது தடுமாறவில்லை. கணக்கு டீச்சர் என்னிடம் ஒரு வாரம் கோபமாகவே இருந்தார், சுவரைக் கெடுத்துவிட்டேன் என்று.

காற்றைப் பற்றி அவர்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் வடகிழக்கு, தென்மேற்கு என்று எழுதச் சொன்னேன். பதிவேட்டைத் திறந்து பார்த்தால் “வாடைக்கொண்டல்” என்று இருந்தது. கடற்கரையில் காற்றுக்குத் திசை எண் கிடையாது, பெயர்தான் உண்டு: வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே சோழகம், மேற்கே கச்சான். சரி என்று விட்டுவிட்டேன். மைத்ரியில் பெரும்பாலும் தென்கிழக்குக் காற்று. கண்டத்தின் நடுவில் பனி இரண்டு கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர் என்று மேடாகக் குவிந்திருக்கிறது. அதன்மேல் படுத்திருக்கும் காற்று குளிர்ந்து, கனத்து, சரிவில் தண்ணீர் வழிகிற மாதிரி கடலை நோக்கி வழிந்து இறங்குகிறது. விளக்கி முடித்ததும் வானிலைப் பையன் எழுதினான்: “மைத்ரி: சோழகக்கொண்டல், பலம்.” இதைவிடச் சுருக்கமாக எந்தப் பாடநூலிலும் பார்த்ததில்லை.

வெயிலுக்கு வந்தபோது மாட்டிக்கொண்டேன்.

டிசம்பர் 21 அன்று நண்பகலில் நம் ஊரில் சூரியன் அடிவானத்திலிருந்து 56 டிகிரி உயரத்தில் நிற்கிறது. அதே நாள் பாரதியில் 44 டிகிரி. பெரிய வித்தியாசம் இல்லை. அதோடு அங்கே நள்ளிரவில்கூடச் சூரியன் மறையாமல் அடிவானத்துக்கு மேல் 3 டிகிரியில் உருண்டுகொண்டிருக்கும். மாடப்புறாவைப் போல் எப்போதும் அமைதியாக இருக்கிற ஒரு பெண் எழுந்து, “அப்ப நமக்குப் பாதி நாள் வெயில், அவங்களுக்கு முழு நாள் வெயில். அங்கதானே சூடு ஜாஸ்தி இருக்கணும்?” என்றாள்.

அவள் கேட்டது சரியான கேள்வி. டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரு முழு நாளைக் கூட்டிப் பார்த்தால், வளிமண்டலத்தின் உச்சியில் தென்துருவத்துக்கு வந்து சேரும் வெயில் பூமத்தியரேகைக்கு வருவதைவிட அதிகம். சாய்வாக விழுகிறது, அதனால் குளிர் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வந்த வெயில் என்ன ஆகிறது என்பதுதான் விஷயம்.

அதற்கு எல்லோரையும் செருப்பைக் கழற்றச் சொல்லி வெளியே கூட்டிப்போனேன். சம்பா அறுவடை நேரம். பள்ளிக்கு முன்னால் தார் ரோட்டில் பாதி அகலத்துக்கு யாரோ நெல் காயப்போட்டு, ஓரத்தில் கல் அடுக்கியிருந்தார்கள். டிரைவர்கள் திட்டிக்கொண்டே போவார்கள், காயப்போடுகிறவர்கள் காயப்போட்டுக்கொண்டே இருப்பார்கள், டெல்டாவில் இது இன்று நேற்றுப் பிரச்சினை இல்லை. களம் இருக்கும்போது ஏன் ரோட்டில் போடுகிறார்கள்? “சீக்கிரம் காயும் டீச்சர்.” ஏன் சீக்கிரம் காயும்? “தாரு சுடும்ல.” தாரில் நின்றார்கள், குதித்தார்கள். அங்கிருந்து பள்ளி மொட்டை மாடி, போன கோடையில் சுண்ணாம்பு அடித்தது. அதே வெயில், நிம்மதியாக நின்றார்கள். வெப்பமானியைத் தரையோடு வைத்துப் பார்த்தோம்: தார் 44, சுண்ணாம்பு 33. கண்ணைத் திறக்கத்தான் முடியவில்லை, எல்லோரும் கையை நெற்றிக்கு வைத்துக்கொண்டார்கள். கால் சுடவில்லை, கண் கூசுகிறது, அப்படியென்றால் வெயில் எங்கே போகிறது என்று கேட்டேன். புதுப் பனி தன்மேல் விழும் வெயிலில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. திறந்த கடல் பத்தில் ஒரு பங்கைக்கூடத் திருப்புவதில்லை. கடல்மேல் மிதக்கும் பனி உருகினால் சுண்ணாம்பை உரித்துத் தார் ஊற்றுகிற மாதிரி. மொட்டை மாடியில் நின்றுகொண்டே இதைச் சொன்னேன். திரும்பச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஐஸ் கம்பெனிக்குப் போனது பயணத் திட்டத்திலேயே இல்லை. நாகப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவருடைய மகன்தான், “பனி பாக்கணும்னா எங்க அப்பாகிட்ட வாங்க” என்றான். ஒரு சனிக்கிழமை, வேன் பிடித்து, தலைமை ஆசிரியரிடம் மூன்று கடிதம் எழுதிக் கொடுத்து, போய்விட்டோம்.

உள்ளே நுழைந்ததும் மூக்கில் ஏறியது அமோனியா நெடி. பெரிய தொட்டி, அதன்மேல் வரிசையாக மரப்பலகை மூடிகள், நடந்தால் கடகடவென்று ஆடுகின்றன. ஒரு மூடியைத் தூக்கிக் காட்டினார் அந்த அண்ணன். அடியில் தகரக் கேன்கள் தொங்குகின்றன. கேனுக்குள் நல்ல தண்ணீர், கேனைச் சுற்றி உப்புத் தண்ணீர். அந்த உப்புத் தண்ணீர் மைனஸ் 10 டிகிரி பக்கம் இருக்கிறது, ஆனாலும் உறையாமல் சலசலத்து ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குள் நிற்கிற நல்ல தண்ணீர் ஒரு நாளுக்கு மேல் நின்று, பாறையாக இறுகுகிறது. கேனைச் சங்கிலியில் தூக்கி, வெறும் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிச் சாய்த்தார். ஐம்பது கிலோ ஐஸ் பார் ‘வழுக்’ என்று தரையில் வந்து விழுந்தது. விழுந்ததும் உள்ளுக்குள் டப், டப் என்று வெடிப்பு விடுகிற சத்தம். பிள்ளைகள் அதில் காதை வைத்துக் கேட்டார்கள். ஒருத்தனுக்கு காது ஒட்டிக்கொண்டு ஒரு கணம் எனக்கு உயிர் போய்விட்டது.

பாரின் ஓரங்கள் கண்ணாடி மாதிரி, அந்தப் பக்கம் நிற்கிற ஆள் தெரிகிறார். நடுவில் மட்டும் திரி போல ஒரு வெண்மை. “அது காத்து, தண்ணியில இருந்த உப்பு, சுண்ணாம்பு எல்லாம். ஓரத்துலேருந்து உறைஞ்சு வரும்போது இதெல்லாம் நடுவுக்கு ஒதுங்கிடும். ஐஸு வேற எதையும் தன்னோட சேத்துக்காது” என்றார் அண்ணன். சேர்த்துக்கொள்ளாது. நான் இயற்பியல் படித்த மூன்று வருஷத்தில் யாரும் இப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

அண்டார்டிகாவில் துளைபோட்டு எடுக்கும் பனித்தண்டுகளிலும் காற்றுக் குமிழி இருக்கிறது, ஆனால் அது வேறு விதமாக வந்தது என்பதை அங்கேயே சொல்லிவிட்டேன். அங்கே தண்ணீர் உறைவதில்லை. பொழிந்த பனி ஆண்டு மேல் ஆண்டாக அமுங்கி இறுகும்போது, துகள்களுக்கு இடையில் இருந்த அந்தக் காலத்துக் காற்று அப்படியே மூடிக்கொள்கிறது. டோம் சி என்கிற இடத்தில் ஐரோப்பியர்கள் எடுத்த தண்டில் 8 லட்சம் ஆண்டுக் காற்று இருந்தது. 2025 ஜனவரியில் அதன் பக்கத்திலேயே 2,800 மீட்டர் வரை இறங்கி 12 லட்சம் ஆண்டைத் தாண்டிவிட்டார்கள். அந்த 8 லட்சம் ஆண்டில், தொழிற்சாலைக் காலம் வருவதற்கு முன்பு ஒரு தடவைகூட கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் சுமார் 300 பங்கைத் தாண்டியதில்லை. இப்போது 420க்கு மேல். இதெல்லாம் அந்த அமோனியா நெடியில் எத்தனை பேர் காதில் விழுந்ததோ தெரியாது. திரும்பி வரும்போது வேனில் எல்லோர் கையிலும் ஒரு ஐஸ் துண்டு. சீட்டெல்லாம் ஈரம், டிரைவர் திட்டு.

இந்தப் பன்னிரண்டு நாளில் நான் மிகவும் ரசித்தது ஒரு சின்னச் சோதனை. தண்ணீர் பாட்டில் இரண்டைப் பாதியாக வெட்டிக்கொண்டோம். ஒன்றில் குடிதண்ணீர், மற்றதில் அகஸ்தியம்பள்ளி உப்பைக் கைநிறையப் போட்டுக் கரைத்த தண்ணீர். முந்தின நாளே சொட்டு நீலம் கலந்து உறையவைத்த ஐஸ் கட்டி ஆளுக்கொன்று. எது முதலில் கரையும்? எல்லோரும் ஒரே குரலில் “உப்புத் தண்ணி!” என்றார்கள். காரணமும் சொன்னார்கள்: குல்ஃபிக்காரர் பானையில் ஐஸோடு உப்புப் போடுவார், உடனே கரையும். நல்ல காரணம்.

காத்திருந்தோம். குடிதண்ணீரில் போட்ட கட்டியிலிருந்து நீலம் இழை இழையாகக் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது, தூரத்து மழையைப் பார்க்கிற மாதிரி. பத்து நிமிடத்தில் தண்ணீர் முழுக்க நீலம், கட்டியைக் காணோம். உப்புத் தண்ணீரில் கட்டி அப்படியே மிதக்கிறது. அதைச் சுற்றி மேலே மட்டும் ஒரு விரல் கனத்துக்கு நீலத் தண்ணீர். அதற்குக் கீழே கண்ணாடித் தெளிவு. கட்டி கரைந்து முடிய இன்னும் ரொம்ப நேரம் ஆனது.

நான் விளக்க வாயைத் திறப்பதற்குள், கோடியக்காட்டிலிருந்து வருகிற பிள்ளை சொன்னாள்: “எங்க வீட்டு ஊத்து மாதிரி டீச்சர். மேல ரெண்டு ஆள் ஆழத்துல நல்ல தண்ணி. இன்னும் தோண்டுனா உப்பு. எங்க தாத்தா ஆழமா தோண்டாத, நல்ல தண்ணி மெதக்குதுன்னு சொல்லும்.”

மணல்மேட்டு ஊர்களில் அப்படித்தான். மழைத்தண்ணீர் லேசு, கடல்தண்ணீர் கனம். லேசானது கனத்ததன்மேல் படுத்திருக்கிறது. ஐஸ் கட்டியிலிருந்து உருகி வந்த நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீருக்குள் இறங்க முடியாமல் மேலேயே தங்கி, கட்டியைச் சுற்றிக் குளிரான ஒரு போர்வையாக நின்றுவிட்டது. குடிதண்ணீரில் குளிர்ந்தது கீழே இறங்க, வெதுவெதுப்பானது மேலே வந்து கட்டியைத் தின்றுகொண்டே இருந்தது. அண்டார்டிகாவைச் சுற்றிக் கடலில் உருகு தண்ணீர் கூடுவது ஏன் விஞ்ஞானிகளுக்குக் கவலை என்பதற்கு இதைவிட நல்ல வாசல் எனக்குக் கிடைக்கவில்லை. அங்கே கடல்நீர் மைனஸ் 1.8 டிகிரியில் உறைகிறது. உறையும்போது, ஐஸ் கம்பெனி அண்ணன் சொன்ன மாதிரி, உப்பைச் சேர்த்துக்கொள்ளாமல் வெளியே தள்ளுகிறது. அந்தக் கனத்த உப்புத் தண்ணீர் அடிக்கடலுக்கு இறங்கி, உலகக் கடல்களின் அடியில் ஊர்ந்து போகிறது. மேலே நல்ல தண்ணீர் அதிகமாகப் படர்ந்தால் இந்த இறக்கம் தளர்கிறது.

“உப்பளத்துல வெயிலு தண்ணிய எடுத்துக்கிட்டு உப்ப விட்டுருது. அங்க குளிரு எடுத்துக்கிட்டு உப்ப விட்டுருது” என்றான் ஒருத்தன். அப்பா பாத்தி வாருகிறவர். நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன்.

மைத்ரிக்கு ஒரு கோடைக்காலம் போய்வந்த ஒருவரைத் தெரியும், என் கல்லூரித் தோழியின் தம்பி. வீடியோ காலில் பேசினார். பனியிலிருந்து அல்ல, தன் வீட்டு ஹாலிலிருந்து. பின்னால் வாஷிங் மெஷின். யாரும் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. நேரலை வேண்டுமென்று நான் அலைந்த அலைச்சலை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அவர்களுக்குத் தேவைப்பட்டது கேள்வி கேட்க ஒரு ஆள். சோறு உண்டா? உண்டு, சாம்பாரும் உண்டு, பச்சைக் காய்தான் தீர்ந்துபோகும். எப்படிப் போனீங்க? கேப் டவுனிலிருந்து ரஷ்ய விமானத்தில், பனியில் வெட்டிய ஓடுதளத்தில் இறங்கி. கக்கூஸ்? கழிவை அப்படியே விட்டுவர முடியாது, குப்பையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். நாய் வளர்க்கலாமா? 1994இலிருந்து கூடாது, சீல்களுக்கு நோய் வரும் என்று தடை. பெண்கள் போகலாமா என்று கேப்டன் கேட்டாள். 1983 குழுவிலேயே சுதீப்தா சென்குப்தா, அதிதி பந்த் என்று இரண்டு பேர் போனார்கள் என்றதும் பதிவேட்டில் அந்தப் பெயர்களைப் பெரிதாக எழுதிக்கொண்டாள்.

ஒரு பதில் மட்டும் வயல் வீட்டுப் பிள்ளைகளை உலுக்கிவிட்டது. ஏறுவதற்கு முன் பேன்ட் மடிப்பு, ஷூ அடி, பை மூலை எல்லாம் சுத்தம் செய்ய வேண்டும், ஒரு விதைகூட ஒட்டிப் போகக் கூடாது. “ஒரு நெல்லுகூடவா?” ஒரு நெல்கூட. அன்று சாயங்காலம் ஒரு பையன் தன் கால்சட்டைப் பையைத் திருப்பி உதறி, பதினோரு நெல், மூன்று உளுந்து, ஒரு காய்ந்த நாயுருவி என்று எண்ணிப் பதிவேட்டில் எழுதினான். அண்டார்டிகாவுக்குப் போக அவனுக்குத் தகுதி இல்லையாம்.

கடல்மட்டத்தைப் பற்றி எப்படிப் பேசுவது என்பதுதான் எனக்குப் பயம். இங்கே 2004 டிசம்பர் 26ஐப் பார்த்த தாத்தா பாட்டிகள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். கஜா 2018 நவம்பரில் கரையேறியது இந்தப் பிள்ளைகளுக்கே நினைவிருக்கிறது. அண்டார்டிகப் பனி மொத்தமும் உருகினால் கடல் சுமார் 58 மீட்டர் ஏறும் என்று முதல் வருஷம் ஒரு தடவை சொல்லிவிட்டு, ஒரு பெண் இரவெல்லாம் தூங்கவில்லை என்று அவள் அம்மா வந்து சண்டை போட்டார். அவர் திட்டியது சரி. அது ஆயிரக்கணக்கான ஆண்டுக் கணக்கு. பன்னிரண்டு வயதுக்கு அதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

இந்தத் தடவை நடந்த கணக்கை மட்டும் எடுத்தேன். 1900க்குப் பிறகு உலகக் கடல்மட்டம் ஏறியது சராசரியாக 20 சென்டிமீட்டர் பக்கம். ஒரு பங்கு கடல் சூடாகி விரிந்ததால், ஒரு பங்கு மலைப்பனியும் துருவப்பனியும் உருகியதால். அளவுகோல் வைத்துச் சுவரில் கோடு போட்டேன். “இவ்ளோதானா!” என்று சிரித்தார்கள். உப்பளத்து வீட்டுப் பிள்ளை ஒருத்தி மட்டும் எழுந்து வந்து, கோட்டில் கையை விரித்து வைத்துப் பார்த்தாள்.

“ஒரு சாண் டீச்சர். எங்க பாத்தி வரப்பு ஒரு சாண்கூட இருக்காது.”

சிரிப்பு நின்றது. நானும் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

எல்லாம் இப்படி அமைந்தது என்று நினைத்துவிட வேண்டாம். ஒன்பதாம் நாள் கரண்ட் இல்லை, பத்தாம் நாள் எனக்குத் தேர்தல் வேலைக் கூட்டம். கடைசிப் பெஞ்சில் ஒரு பையன் பன்னிரண்டு நாளும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆனால் பென்குயின் எண்ணும் நாளில் அவன்தான் ராஜா. ‘பென்குயின் வாட்ச்’ என்று 2014இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்து ஆட்கள் தொடங்கிய திட்டம். அண்டார்டிகாவில் நட்டுவைத்த கேமராக்கள் எடுக்கும் படங்களில் பெரிய பறவை, குஞ்சு, முட்டை என்று பொதுமக்கள் எண்ணிக் குறிக்கலாம். எல்லோரும் ஒன்று, இரண்டு என்று விரலால் தொட்டுத் தொட்டு எண்ணித் தவறவிட்டார்கள். இவன் திரையைத் தொடவே இல்லை. உதட்டை அசைத்து, அஞ்சு அஞ்சாகக் கண்ணாலேயே அள்ளி, “அறுபத்தி மூணு” என்றான். நாங்கள் நாலு பேர் எண்ணிப் பார்த்தோம், அறுபத்து மூன்று. அவர்கள் வீட்டில் வாத்து மேய்க்கிறார்கள். அறுவடை முடிந்த வயல்களில் மந்தையை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், சாயங்காலம் பட்டியில் அடைக்கும்போது எண்ணுகிற வேலை அவனுடையது. “ஓடிட்டிருக்கறத எண்ணறதுதான் கஷ்டம். இது நிக்குதுல்ல” என்றான்.

பயணம் ஜனவரியோடு முடிந்தது. பதிவேட்டில் பாதிப் பக்கம் மீதி. அதை என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள், காகிதத்தை வீணாக்குகிற வழக்கம் இங்கே கிடையாது. அப்போதுதான் இன்னொரு துருவம் நினைவுக்கு வந்தது. எங்கள் உப்பளங்களிலும் கோடியக்கரைச் சேற்றிலும் குளிர்காலம் முழுக்க மேய்கிற கொசு உள்ளானும், மூக்கு நுனி வளைந்த உள்ளானும் முட்டையிடுவது ஆர்க்டிக்கில், சைபீரியாவின் வடகோடியில். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாக இந்தப் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டி விடுவது ஊரில் பலருக்குத் தெரியும். விஆர் கண்ணாடிக்கு நாங்கள் வரிசையில் நின்ற அந்த வாரத்திலும் இவை வேலிக்கு அந்தப் பக்கம் சேற்றைக் குத்திக்கொண்டுதான் இருந்திருக்கும்.

வாரம் ஒரு நாள், பள்ளி விட்டதும், உப்பளத்து வரப்பில் நின்று எண்ணுவது என்று ஏற்பாடு. எண்ணுவது வாத்துக்காரன், எழுதுவது சாண் போட்டுப் பார்த்த பெண். பங்குனி வெயிலில் சாம்பல் நிறமாக இருந்த வளைமூக்குகளின் மார்பு செங்கல் பொடி பூசினாற்போல் சிவக்கத் தொடங்கியது. கல்யாணச் சட்டை, கிளம்பப் போகின்றன என்றேன். அங்கே இப்போது ராத்திரி உண்டா என்று கேட்டாள். நூல்கண்டை மறுபடி எடுத்து, இந்தத் தடவை வடக்கே பிடித்தோம்.

ஆண்டுத் தேர்வுக்கு முன் அவள் எழுதியது இது. “ஏப்ரல் 2: உள்ளான் 340. வெப்பம் 34. காத்து சோழகம். ஏப்ரல் 9: 295. சிவப்பு நெறைய. ஏப்ரல் 16: 41. ஏப்ரல் 23: 7. சிவப்பு ஒண்ணுகூட இல்ல. ஏழும் சாம்பல்தான். ஏன் போகல?”

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்த பிறகு தெரிந்தது: போன ஆண்டு பிறந்த இளம் பறவைகள் பல முதல் கோடைக்கு ஊருக்குத் திரும்புவதில்லை, வந்த இடத்திலேயே தங்கிவிடுகின்றன. மே மாதம் லீவு. அவள் வீட்டுக்கு போன் செய்து சொன்னேன். அவள் அப்பாதான் எடுத்தார். “பாப்பா வீட்டுல இல்லைங்க டீச்சர், பாத்திப் பக்கம் போயிருக்கு. ஏதோ ஏழு இருக்கான்னு பாக்கணுமாம்.”